அரசமரத்தடி மணலில் கிடைத்தது

எங்கள் கழகத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்தால் யார் தலைவர், யார் செயலாளர் என்று சண்டை வரும் என்பதால் வைக்கவில்லை. ஊர் வைத்த பெயர் ‘புதையல் பார்ட்டி’. திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் எனக்கு ஒரு டிவி ரிப்பேர் கடை இருந்தது. அதிலேயே ஒரு மூலையில் கண்ணாடிக் கூண்டு அடித்து எஸ்டிடி பூத்தும் நடத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவோம். நிரந்தரமாக மூன்று பேர்தான்: நான், முத்துப்பேட்டை பாய், சேலத்துப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கிக் காசாளர். மற்றவர்கள் புதையல் கிடைக்கும் என்று வந்து, பாட்டில் மூடி கிடைத்ததும் போய்விட்டவர்கள்.

மிஷினைக் கொண்டுவந்தவர் பாய். துபாயில் பல வருஷம் ஒரு கடையில் நின்றுவிட்டு, இனிப் போதும் என்று ஊர் திரும்பியவர். மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் கம்பளியும் கொண்டுவந்த காலத்தில் அவர் இதைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீளமான கம்பு, அதன் அடியில் சாப்பாட்டுத் தட்டளவு ஒரு வட்டம், காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காதுக்குள் கூவும். “ஊருல எல்லாரும் தங்கம் கொண்டாந்தாங்க, நீங்க தங்கம் தேடுற மிஷினைக் கொண்டாந்திருக்கீங்க” என்று வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாராம். இதை பாயே சொல்லிச் சிரிப்பார். கடையில் அத்தர் விற்கிற நேரம் போக அவருக்கு இது ஒன்றுதான் பைத்தியம். எனக்கு எதைப் பிரித்துப் பார்த்தாலும் பைத்தியம் என்பதால் நான் சேர்ந்துகொண்டேன்.

நாங்கள் தழைத்ததே ஆறு காய்ந்ததால்தான். கேட்கக் கசப்பாக இருந்தாலும் அதுதான் உண்மை. மேட்டூர் நேரத்துக்குத் திறக்காத வருஷங்கள் அவை. குறுவையை மறந்தாயிற்று, சம்பாவும் சந்தேகம் என்றிருந்தது. நாங்கள் கடைமடைக்காரர்கள், தண்ணீர் வந்தாலும் கடைசியாகத்தான் எங்களை எட்டிப் பார்க்கும். நிலம் வைத்திருந்தவர்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பாஸ்போர்ட் ஆபீசைப் பார்க்க ஆரம்பித்தார்கள். உரக்கடை இருந்த இடத்தில் டிராவல்ஸ் போர்டு தொங்கியது. பையன்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஆற்றில் மாடுகூட இல்லை. எங்களுக்கு மட்டும் மைல் கணக்கில் மணல் கிடைத்தது.

கிடைத்ததெல்லாம் என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். கலப்பைக் கொழு, மாட்டு லாடம், ஓட்டைக் காலணா, பாலத்திலிருந்து வேண்டிக்கொண்டு எறிந்த நாணயம். அதைவிட அதிகம் குளிர்பான டின்னின் வளையம். அந்த வளையமும் தங்க மோதிரமும் ஹெட்போனில் ஒரே குரலில்தான் கூவும். அந்நியக் கம்பெனிகள் நாட்டுக்குள் வந்துவிட்டதைப் பேப்பர் படிக்காமலேயே ஆற்று மணலில் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வேளாங்கண்ணிக் கடற்கரைக்குப் போவோம். அங்கே அலையில் மோதிரத்தைப் பறிகொடுத்தவர்கள் அழுதுகொண்டு நிற்பார்கள். காணிக்கைக்கு வாங்கிய வெள்ளித் தகடுகளும் மணலில் கிடைக்கும். கால், கண், தொட்டில் என்று தகட்டில் அடித்திருப்பார்கள். அவற்றைப் பொறுக்கிக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வருவோம்.

விதிகள் இருந்தன. சிலை கிலை என்று சந்தேகம் வந்தால் தோண்டாமல் மூடிவிட்டு வி.ஏ.ஓ.விடம் சொல்ல வேண்டும். தொலைந்த பொருளைத் தேடிக் கொடுத்தால் டீ மட்டும் குடிக்கலாம். சுடுகாட்டிலும் கருமாதித் துறையிலும் மிஷினைப் போடக்கூடாது. இந்தக் கடைசி விதி பாய் சேர்த்தது. “செத்தவங்க சாமானுக்கு நாம கணக்குக் கேக்கக் கூடாதுங்க” என்றார்.

எங்கள் ஆற்றில் அந்தத் துறை ஒரு திருப்பத்தில், அரசமரத்துக்குக் கீழே இருக்கிறது. புருஷனை இழந்தவளை அங்கே உட்காரவைத்துத்தான் வளையலை உடைப்பார்கள், தாலியை அறுப்பார்கள். சில வீடுகளில் பொன்னைக் கழற்றி வைத்துக்கொள்வதுண்டு. சில வீடுகளில், இது இனி நமக்கு ஆகாது என்று கயிற்றோடு பாலில் போட்டு ஆற்றில் விட்டுவிடுவார்கள். இது எங்களூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காசாளருக்கு விதி தெரியும். அந்தத் துறை எது என்று தெரியாது. நாங்களும் காட்டவில்லை, தெரியாமல் ஒருத்தர் இருப்பார் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வந்தால் என் பூத் முழுக்கப் பெண்கள். அரபு நாட்டில் அன்றுதான் லீவு, அன்றுதான் போன் வரும். பஸ் பிடித்து வந்து, ஸ்டூலிலும் வாசற்படியிலும் உட்கார்ந்து காத்திருப்பார்கள். அவளும் ஆற்றோரக் கிராமம் ஒன்றிலிருந்து வருவாள். புருஷன் சவூதியில். டிரைவர் வேலை என்று கூட்டிப்போய்ப் பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டிருந்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாலும் அவள் பேசுவது தெருவுக்கே கேட்கும். தூரத்து ஊருக்குச் சத்தமாகப் பேசினால்தான் கேட்கும் என்று நினைப்பு. “நான் நல்லாருக்கேன். மாமா அத்தை நல்லாருக்காங்க. நீங்க சாப்டீங்களா?” ஒவ்வொரு வாரமும் இதுதான். வெளியே வரும்போது முகத்தை முந்தானையால் துடைத்துக்கொள்வாள். எனக்கு அவளைப் பிடிக்கும். மற்றவர்கள் மாதிரி, ‘இன்னும் ஏண்ணே வரல?’ என்று என் உயிரை எடுக்கமாட்டாள்.

அந்த வருஷம் பதினெட்டாம் பெருக்குக்கும் தண்ணீர் வரவில்லை. பெண்கள் விடுவார்களா? ஆற்று நடுவில் மணலைத் தோண்டி ஊற்று எடுத்து, அதன் கரையில் விளக்கேற்றி, காப்பரிசியும் பழமும் வைத்துப் படைத்தார்கள். தாலிக் கயிற்றை மாற்றிக்கொண்டு, பழைய மஞ்சள் கயிற்றை ஓடுகிற தண்ணீரில் விடுவதற்குப் பதில் அந்தக் குழியிலேயே போட்டு மூடினார்கள்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய மாமனார் என் கடைக்கு வந்தார். தோளில் துண்டு, காலில் காய்ந்த சேறுகூட இல்லை. அந்த வருஷம் யார் காலிலும் சேறு இல்லை.

“நீங்கதானே மிஷின் வெச்சுத் தேடுறவங்க?”

“ஆமாங்க. உக்காருங்க.”

உட்காரவில்லை. “எம் மருமவ விடிகாலையில தனியாப் போயிக் கயிறு மாத்தியிருக்கா. அவசரத்துல பழைய கயித்தோட பொன்னையும் சேத்துக் குழியில போட்டு மூடிட்டாளாம். ஊரே அங்கங்க குழி பறிச்சிருக்கு, எந்தக் குழின்னு தெரியலங்கிறா. பொன்னு போனாப் போவுதுங்க. புள்ள கண்காணாத தேசத்துல கெடக்கான். அவங்கம்மா ஒரு வேளைதான் சாப்புடுறா, கெடைக்கிற வரைக்கும் அப்படித்தானாம்.”

வருகிறோம் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் அவளே வந்தாள். வெள்ளிக்கிழமை இல்லை, கடையில் வேறு ஆள் இல்லை.

“அண்ணே, தேடுங்க. ஆனா கெடைக்காதுண்ணே.”

எனக்குப் புரியவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தாலிப் பொன்னை ஆற்றில் போடவில்லை; ஏஜெண்டுக்குப் போய்விட்டது. விசாவுக்குக் கடைசியில் துண்டு விழுந்தபோது, கழற்றிக் கொடு என்று புருஷன் கேட்டிருக்கிறான், கொடுத்துவிட்டாள். அவன் போன நாளிலிருந்து கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். பதினெட்டாம் பெருக்கன்று மாமியார் தன் கையால் கயிறு மாற்றிவிடுவது அந்த வீட்டு வழக்கம். கிழங்கு தெரிந்துவிடும். அதனால்தான் விடிவதற்குள் தனியாகப் போனாள், அதனால்தான் இந்தக் கதை.

“சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா” என்றேன். கோபம்தான். அவள் மேல் இல்லை, தாலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவன் மேல்.

“அவரு தலையில கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிட்டுப் போனாருண்ணே. அப்பா அம்மாவுக்குத் தெரிஞ்சா, பொண்டாட்டி தாலிய வித்துட்டுப் போனவன்னு காலத்துக்கும் பேசுவாங்க, எந்தக் காரணம் கொண்டும் சொல்லக்கூடாதுன்னு. நான் வாய் தொறந்தா அவரு உசுருக்கு ஆவாதுண்ணே.” பிறகு மெதுவாக, “குழியில இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஆழத்துக்குப் போயிடுச்சுன்னு சொல்லுங்க. அத்தை கொஞ்ச நாள் அழுவாங்க, அப்புறம் புதுசு பண்ணிக்கலாம்னு மாமா சொல்லிடுவாரு.”

சத்தியம், சாபம் இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருபது பாகத்தைக் கழற்றி மாட்டினால் படம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் ஏதோ ஒன்று பழுது. அவ்வளவுதான் என் சாமி. ஆனால் நம்பிக்கை எனக்கு இருக்கிறதா என்பதா அங்கே விஷயம்? அவளுக்கு இருந்தது. சரி என்றேன். ஒரு முழத்துக்குக் கீழே போனால் மிஷினுக்குக் காது கேட்காது என்பது நிஜமும்கூட. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகத்தான் ஆற்றில் இறங்கினேன். பாயிடமும் காசாளரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு அது என் ரகசியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் குடை பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். குழி குழியாக மிஷினின் வட்டத்தை வீசிப் பார்த்தோம். ஊர்ப் பெண்கள் போட்ட காசெல்லாம் கூவின. ஒவ்வொரு கூவலுக்கும் அந்த அம்மா எழுந்து நிற்பதைப் பார்க்க முடியவில்லை. மாலையில், இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்தோம். உடனே கைவிட்டால் நம்பமாட்டார்கள். நன்றாகத் தேடித் தோற்ற மாதிரி இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு காசாளர் ஒரு கணக்கோடு வந்தார். கணக்குப் போடாமல் அவருக்கு எதுவும் ஓடாது. பெருக்குக்கு மறுநாள் மேலே மதகில் தேங்கியிருந்ததை யாரோ திறந்துவிட, கணுக்காலளவு தண்ணீர் ஒரு பொழுது ஓடி மணலில் வடிந்திருந்தது. தாலியைத் தண்ணீர் இழுத்திருக்கும், கீழ்ப்பக்கம் தேட வேண்டும் என்றார். அந்தத் தண்ணீருக்குப் பொன் நகராது என்று எனக்குத் தெரியும். ஆனால் தேடுவதற்கு இடம் கூடினால் நல்லதுதானே என்று தலையாட்டிவிட்டேன். மத்தியானம் வெயில் தாங்காமல் பாயும் நானும் அவர்கள் வீட்டு வாசல் வேப்பமரத்து நிழலுக்குப் போனோம். அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். காசாளர் மட்டும் மிஷினும் மணல் சல்லடையுமாகக் கீழே கீழே நடந்துகொண்டிருந்தார்.

நான் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சரி செய்துகொண்டிருந்தேன். ‘அம்மா, மணல் இறங்கிடுச்சு, ஆழத்துக்குப் போயிருக்கு.’ மாமியார் உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமனார் கயிற்றுக் கட்டிலில். சொல்லிவிடலாம் என்று தொண்டையைக் கனைத்தேன்.

காசாளர் கரையேறி ஓடி வந்தார். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது, சட்டை முழுக்க மணல். வரும் வழியில் பம்புசெட்டில் கழுவிக்கொண்டு வந்திருந்தார். நேராகப் போய் மாமியாரின் உள்ளங்கையில் வைத்தார்.

“உங்க தாலிம்மா.”

ஒரு பொட்டுத்தாலி. எங்கள் பக்கத்துப் பொட்டுத்தாலி எல்லாம் ஒரே அச்சு. வீட்டுக்கு வீடு வித்தியாசம் சொல்ல முடியாது. அந்த அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓவென்று அழுதார். “மகமாயி! எம் புள்ள உசுரக் குடுத்துட்டியே!” மாமனார் கட்டிலிலிருந்து எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாமிக்கு உடைக்கத் தேங்காய் பறிக்கக் கொல்லைக்கு ஓடினார். மாமியார் மஞ்சளும் புதுக் கயிறும் எடுக்க உள்ளே போனார்.

வாசலில் நாங்கள் மூவரும் அவளும்தான். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. இல்லாத தாலி எப்படிக் கிடைக்கும்?

“எங்கங்க கெடைச்சுது?” என்று கேட்டாள்.

காசாளருக்கு அதைச் சொல்வதில்தான் எத்தனை சந்தோஷம். “நான் சொன்ன மாதிரியேதாங்க, தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கு. அந்தத் திருப்பத்துல ஒரு பெரிய அரசமரம் இருக்குதில்ல, அதுக்கு நேர் கீழே. சல்லடையில ஒரே உடைஞ்ச வளையலு. நடுவுல இது. கயிறுகூட ஒரு துண்டு இருந்துச்சு, கத்தியில அறுத்தாப்பல.”

பாய், “யா அல்லாஹ்” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஊரில் பிறந்து நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். இது என் தாலி இல்லை என்று சொன்னால், உன் தாலி எங்கே என்று கேட்பார்கள். புருஷன் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் போகும். சொல்லாவிட்டால், யாரோ ஒருத்தி புருஷனைப் பறிகொடுத்து அறுத்துப்போட்ட தாலியைத் தன் கழுத்தில் வாங்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அவன் உயிர்தான் முன்னால் நிற்கிறது, அவள் நம்பிக்கைப்படி.

உள்ளேயிருந்து தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. நான் வாயைத் திறந்துவிட்டேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். கெஞ்சவில்லை, கட்டளையும் இல்லை. கடையில் பாக்கிச் சில்லறை வேண்டாம் என்பது போலச் சாதாரணமாக அசைத்தாள்.

மாமியார் மஞ்சள் தடவிய புதுக் கயிற்றில் அதைக் கோத்துக்கொண்டு வந்தார். அவளைக் கிழக்குப் பார்த்து நிற்கவைத்தார். “எம் புள்ளைக்குப் பதிலா நான் கட்டுறேன், தீர்க்கசுமங்கலியா இரு.” அவள் குனிந்தாள். பின்னலைத் தானே ஒதுக்கிக் கொடுத்தாள். மூன்று முடிச்சும் விழுகிற வரைக்கும் அவள் கண் வேப்பமரத்து வேரில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சத்தம் கேட்டு வந்து குலவையிட்டார்கள். காசாளர் கை தட்டினார். அன்று மாமியார் முழுச் சாப்பாடு சாப்பிட்டார். எங்களையும் இலை போட்டு உட்கார வைத்தார்கள். சாப்பிட்டோம்.

காசாளரிடம் நாங்கள் சொல்லவே இல்லை. தன் வாழ்நாளில் செய்த நல்ல காரியம் அது என்று நினைத்துக்கொண்டுதான் அவர் அடுத்த ஊருக்கு மாற்றலாகிப் போனார். அந்த மனுஷனிடம் போய் என்ன சொல்வது? அன்று பஸ்ஸில் திரும்பும்போதே பாய், “இது போதுங்க” என்றார். மிஷினைப் பழைய லுங்கியில் சுற்றி, அத்தர் கடைப் பரணில் போட்டார். நானும் கேட்கவில்லை. கழகம் அத்தோடு முடிந்தது. கலைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, பெயர்தான் கிடையாதே.

அதற்குப் பிறகும் சில வெள்ளிக்கிழமைகள் அவளுக்குப் போன் வந்தது. முதல் தடவை மாமியாரும் கூட வந்து, ரிசீவரைப் பிடுங்கி, தாலி ஆற்றோடு போய்த் திரும்பி வந்த அதிசயத்தை மகனிடம் சொன்னார். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ தெரியாது. ரிசீவரைத் திரும்ப வாங்கியவள், “ஆமாங்க, கெடைச்சிடுச்சு. நீங்க சாப்டீங்களா?” என்றாள்.

ஆடி கழிந்து அடுத்த பொங்கலுக்குள் போன் நின்றுவிட்டது. ஏஜெண்டைத் தேடிப் போனால், அவன் கடையில் வேறு யாரோ செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதே பக்கம் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவன், அவள் புருஷன் முதலாளியிடமிருந்து ஓடிவிட்டான் என்றான். இன்னொருவன் ஜெயில் என்றான். வேறொருவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். செத்தான் என்று யாரும் சொல்லவில்லை, உயிரோடிருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை. மாமனார் கலெக்டர் ஆபீசுக்கு நடந்து நடந்து ஓய்ந்து ஒருநாள் கண்ணை மூடினார். மாமியார் மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஆத்தோட போன தாலியே திரும்பி வந்துச்சு. எம் புள்ள வரமாட்டானா?”

அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தாள். அதே ஸ்டூல். மற்ற பெண்கள் கையில் செல்போன் வந்து ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடைசியில் அவள் ஒருத்திக்காகத்தான் நான் பூத்தை வைத்திருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் டெலிபோன் ஆபீஸ்காரர்களே வந்து லைனைக் கழற்றினார்கள். கண்ணாடிக் கூண்டைப் பழைய இரும்புக்காரன் பிரித்துக்கொண்டிருக்கும்போது அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். நெற்றியில் பொட்டு, தலையில் பூ, காதோரம் நரை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, அந்தத் தாலிக்காரி யாருன்னு விசாரிச்சீங்களா?”

இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

“இல்லம்மா. எதுக்கு?”

கழுத்துக் கயிற்றைப் பிடித்து, ரவிக்கைக்குள்ளிருந்த தாலியை வெளியே எடுத்துப் பார்த்தாள். பிறகு பழையபடி உள்ளே போட்டுக்கொண்டாள்.

“சும்மாத்தான் கேட்டேன். அவளாச்சும் அழுது முடிச்சிருப்பா” என்றாள்.